அஞ்சறைப்பெட்டியில் ஏலக்காய்

ஆடி 2, வெள்ளி

ஆனாலும் ஒரு நியாயம் வேண்டாமா முருகா? வெள்ளி, செவ்வாய், சஷ்டி, கிருத்திகை, நான் உனக்கு எதை விட்டேன்? அந்த ஏலக்காய் யாரோ எவளோ. அவளை மட்டும் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து, வீட்டுக்காரம்மாவே தோசை சுட்டுப் போடுகிறாளாம். சட்னி வேண்டுமா, பொடி வேண்டுமா என்று வேறு கேட்கிறாளாம்.

முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரியாதது இல்லை, எழுதினால்தான் எனக்கு மனசு ஆறும்.

என் அண்ணன் மகள் வளர்மதி, வீடுகளில் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவள், போனில் ஒரு குழு நடத்துகிறாள். சமையல் வேலை, வீட்டு வேலை, ஆள் பார்க்கிற வேலை செய்யும் பொம்பளைகள் மட்டும்தான் அதில். வேலைக்குப் போகிற வீட்டைப் பற்றி நல்லதோ பொல்லாததோ மனசுவிட்டுப் பேசிக்கொள்ளலாம். பெயர் அஞ்சறைப்பெட்டி. சொந்தப் பெயர் யாருக்கும் கிடையாது, ஆளுக்கொரு சாமான் பெயர். வீட்டைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றிரண்டு விஷயத்தை மாற்றிச் சொல்ல வேண்டும், எந்த வீடு என்று யாருக்கும் பிடிபடக் கூடாது. பெட்டியில் போட்டதை வெளியே எடுக்கக் கூடாது. அவ்வளவுதான் சட்டம். யார் எந்த வீடு என்று வளர்மதியே கேட்க மாட்டாளாம்.

நேற்று என்னையும் சேர்த்துவிட்டாள்.

"ஏங்கண்ணு, எனக்குப் போயி வெந்தயமா? ஏலக்காய்னு வெய்யி."

"ஏலக்காய் ஏற்கெனவே இருக்குதுங்க அத்த."

"ஏலக்காயை எவ அஞ்சறைப்பெட்டில போடுவா? அதைத் தனி டப்பால்ல போட்டு வெப்பம்?"

"வெந்தயம் ஒடம்புக்கு நல்லதுங்க அத்த. குளுமை."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். கசப்பு என்று சொல்லாமல் சொல்கிறாளாம். அண்ணன் வளர்த்த வளர்ப்பு அப்படி.

ஆடி 4, ஞாயிறு

கிருத்திகை. மலையில் நல்ல கூட்டம். பிராகாரத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துவிட்டேன், மன்னித்துக்கொள். ஏலக்காய் காலை வணக்கம் போட்டதற்கு ஊரே இதயம் போட்டிருந்தது. நான் உன் படம் போட்டேன். சீரகம் மட்டும் கும்பிட்டாள்.

ஆடி 6, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை எழுதாமல் தூங்க முடியாது.

நான் சமைக்கிற வீடு மூன்றாவது மாடி. வசுமதி அம்மா, அவள் புருஷன், படுக்கையில் இருக்கும் அவள் மாமனார், மொத்தம் மூன்று பேர். என் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் ஆன வருஷம் அங்கே சேர்ந்தேன், ஏழு வருஷம் ஓடிப்போனது. விடிந்ததும் போய், மதியச் சாப்பாடு வரை செய்து வைத்துவிட்டு வந்துவிடுவேன். சாயங்காலம் பெரியவரைப் பார்த்துக்கொள்ள எஸ்தர் என்று ஒருத்தி வருவாளாம். நான் கண்ணால் கண்டதில்லை. கரண்டியைத் தலைகீழாக மாட்டிவிட்டுப் போகிறவள், அது மட்டும் தெரியும். அடுக்களைச் சுவரில் ஒரே மாதிரி நாலு கப்பு தொங்குகிறது, சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள். மூன்று பேருக்கு எதற்கு நாலு கப்பு? தினமும் என் தலையில் இடிக்கிறது அந்த மஞ்சள் கப்பு.

இன்றைக்கு உள்ளே நுழைந்ததும் அந்தம்மா சொல்கிறாள்:

"மயிலம்மா, இன்னிக்குச் செவ்வாய்க்கிழமைல்ல? முட்டையெல்லாம் நேத்தே எடுத்து மேல வெச்சுட்டேன். அடுப்பையும் தொடச்சுட்டேன், நீங்க தாராளமா பண்ணுங்க."

கேட்டாயா? முட்டையை எடுத்து ஒளித்து வைத்தாளாம். நான் என்ன மடியில் கட்டிக்கொண்டு போகப் போகிறேனா? முட்டை வாசமே எனக்கு ஆகாது, தெரியாதா அவளுக்கு?

வேலை முடிந்து, துணி காயப்போடும் பால்கனியில் உட்கார்ந்து, நான் கொண்டுபோன தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன். என் சொம்பு, என் தண்ணீர். அந்தம்மா அந்தப் பக்கம் வந்தாள், என்னைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டு வேகமாகப் போய்விட்டாள். ஏழு வருஷமாக இதேதான். 'ஒரு வாய் காபி குடிக்கிறீங்களா' என்று ஒரு வார்த்தை? வாய் முத்தா உதிர்ந்துவிடும்? நான் காபி கலந்து அவர்களுக்கு ஆற்றிக் கொடுக்கிறேன் முருகா. அந்த நுரை வாசம் எனக்கு மட்டும் வராதா?

வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால் ஏலக்காய் எழுதியிருக்கிறாள்: "எங்க வீட்டுல ஆளுக்கு ஒரு கப்பு. அதே செட்டுல எனக்கும் ஒண்ணு வாங்கிட்டாங்க மேடம். பிரிச்சுப் பாக்க மாட்டாங்க." அவள் பார்த்துக்கொள்வது ஒரு பாட்டியையாம். பாட்டிக்கு ஊட்டி முடித்ததும் மேடம் இவளை உட்காரவைத்து இரண்டு பேரும் சேர்ந்து காபி குடிப்பார்களாம்.

ராத்திரிக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆடி 9, வெள்ளி

போட்டுவிட்டேன். நானும் பெட்டியில் போட்டுவிட்டேன். மூன்று குழந்தைகள் உள்ள வீடு என்று மாற்றி எழுதினேன், மாடியைச் சொல்லவில்லை. மற்றதெல்லாம் உள்ளது உள்ளபடி. அந்தம்மாவுக்கு மனசு கல் என்றும், பச்சைத்தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதில்லை என்றும், சாமானை ஒளித்து வைக்கிறாள், என் நிழல்கூட ஆகாது என்றும் எழுதினேன். நிழல் விஷயம் கையோடு வந்துவிட்டது.

எல்லோரும் பொங்கிவிட்டார்கள். கடுகு ஒரு வார்த்தை சொன்னாள், அதை உன் முன்னால் எழுத மாட்டேன். ஏலக்காய் எழுதினாள்: "வெந்தயம் அக்கா, படிச்சுட்டு அழுதுட்டேன். அவங்கல்லாம் மனுஷங்களா? அங்க இருக்காதீங்கக்கா. உங்களுக்காக ஜெபம் பண்றேன்."

அதற்கும் ஊரே இதயம். என் கஷ்டத்துக்கு ஒன்று இரண்டு. அவள் அழுததற்கு வரிசையாக.

ஆடி 13, செவ்வாய்

இன்றைக்குக் கொஞ்சம் சந்தோஷம். ஏலக்காய் வீட்டிலும் ஒரு குறை இருக்கிறது.

அங்கே காலையில் சமைக்க வருகிற மாமி ஒருத்தி ரொம்ப ஆசாரமாம். "அவங்க சொம்பை நாங்க யாரும் தொட மாட்டோம். மேடத்துக்கே அவங்கன்னா பயம். ஆனா ரசம் வெச்சாங்கன்னா, அந்த வாசத்துக்கே பாட்டி எந்திரிச்சு உக்காந்துரும்" என்று எழுதியிருந்தாள்.

நான் உடனே எழுதினேன்: "பக்தி இருந்தா மட்டும் போதுமா தங்கச்சி? அடுத்தவங்க மனசையும் பாக்கோணும். அந்த மாமிக்கு ரொம்பத்தான் ராங்கி." அதற்கு மூன்று பேர் சிரித்தார்கள். ஏலக்காய் மட்டும், "இல்லக்கா, நல்லவங்கதான். நான் பாத்ததில்ல, மேடம் சொல்லுவாங்க" என்றாள்.

எப்பவும் நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறாள்.

ஆடி 18, ஞாயிறு

பதினெட்டு. லீவு நாளென்றாலும் காலையில் போய்ச் சித்ரான்னம் செய்து வைத்தேன். எலுமிச்சை, தேங்காய், புளி, மூன்றும். வாசம் லிப்டு வரைக்கும் வந்ததாம், வாட்ச்மேன் சொன்னார். கிளம்பும்போது அந்தம்மா ஒரு தட்டு நீட்டினாள்: தேங்காய், வாழைப்பழம், மஞ்சள், பூ, ரவிக்கைத் துணி, ஒரு படி பச்சரிசி.

"எல்லாம் பச்சையாத்தான் வெச்சிருக்கேன் மயிலம்மா. புதுத் தட்டு."

நான் செய்த சோற்றில் ஒரு கரண்டி போட்டுக் கொடுக்க அவளுக்குக் கை வரவில்லை. அரிசியைக் கொடுத்து நீயே ஆக்கித் தின்னு என்கிறாள்.

சாயங்காலம் ஏலக்காய் படம் போட்டாள், வாழையிலையில் மூன்று சாதம். மேடம் பரிமாறினாராம். புளிச்சாதத்தில் வேர்க்கடலை, நான் போடுகிற மாதிரியே. அந்த மாமிக்கும் அந்தக் கைப்பக்குவம் தெரிந்திருக்கிறது போல.

முருகா, எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. எழுதிவிட்டேன்: "இப்பிடி ஒரு வீடு பூமியில இல்ல. ஏலக்காய் கதை உடுது. வேலைக்கே போகாம ஊட்ல உக்காந்து படம் புடிக்குது."

ஆடி 19, திங்கள்

வளர்மதி வந்து கத்திவிட்டுப் போனாள்.

"ஏனுங்க அத்த, அந்தக்கா ராத்திரியெல்லாம் அழுதுட்டு எனக்கு மெசேஜ் போட்டுருக்குது. இந்தப் பெட்டிய எதுக்கு வெச்சிருக்கறம்? எங்கயும் சொல்ல முடியாததைச் சொல்றதுக்கு. அதுக்குள்ளயே பொய்யிங்கறீங்க!"

"நான் பொதுவாச் சொன்னேன்."

"பேரைப் போட்டுப் பொதுவாவா?"

"உனக்கும் அவதான் பெருசு. போ."

என் வீட்டுக்காரர் கட்டிலில் படுத்துக்கொண்டு, "ரெண்டு பேரும் மெதுவாப் பேசுங்க, நியூஸ் கேக்குல" என்றார்.

அழித்துவிட்டேன். மன்னிப்பும் எழுதினேன். ஒப்புக்குத்தான்.

ஆடி 22, வியாழன்

இதைக் கேள். ஏலக்காய் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறாள். அக்காவுக்கு உடம்பு சரியில்லையாம், நாகர்கோயிலுக்கே போகிறாளாம். "எனக்குப் பதிலா ஒரு ஆள் வேணும்னு மேடம் கேக்கறாங்க. எனக்கு உங்க ஞாபகம்தான் வந்துச்சு அக்கா. நீங்க அந்தக் கல்மனசுக்காரி வீட்ல கஷ்டப்படக் கூடாது. இங்க வாங்க. உங்களைத் தாங்குவாங்க."

நான் அப்படி எழுதின பிறகும் இவள் இப்படி எழுதுகிறாள். கொஞ்ச நேரம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பிறகு எடுத்து, சரி என்று எழுதினேன். எழுதும்போதே அந்தக் கப்பு என்ன கலராக இருக்கும் என்று யோசித்தேன்.

ஆடியில் புது வீடு நுழையக் கூடாது. ஆவணியில் நல்ல நாள் பார்த்துப் போகலாம். பழைய வீட்டை இப்போதே விட்டுவிட்டால் என்ன?

ஆடி 24, சனி

சொல்லிவிட்டேன்.

"நாளையிலருந்து வரலீங்க."

அந்தம்மா காய்கறிப் பையை அப்படியே கீழே வைத்தாள். "ஏன் மயிலம்மா? நாங்க ஏதாச்சும்... ஏதாச்சும் ஆகாதது பண்ணிட்டமா?"

"ஒண்ணுமில்லீங். ஒடம்பு முடியறதில்ல."

"டாக்டர்கிட்ட நான் கூட்டிட்டுப் போறேன்."

"வேண்டாமுங்."

இன்னும் கொஞ்சம் கேட்பாள் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ. "உங்க இஷ்டங்க" என்றாள், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கிளம்பும் வரைக்கும் வெளியே வரவில்லை. கல் என்று நான் எழுதினதில் என்ன தப்பு?

பெரியவர் அறையிலிருந்து குரல் மட்டும் வந்தது. "மயிலு போகுதா? அப்ப ரசம்?"

என் சொம்பை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

ஆடி 27, செவ்வாய்

உன் கருணையே கருணை! ஏலக்காய் எழுதுகிறாள்: அவர்கள் வீட்டு மாமியும் திடீரென்று நின்றுவிட்டாளாம். காரணமும் சொல்லவில்லையாம். மேடம் சரியாகச் சாப்பிடாமல் இருக்கிறாராம், என்ன தப்புப் பண்ணினோம் என்று அதையே சொல்லிச் சொல்லி அழுகிறாராம். "சமையலும் நீங்களே பாத்துக்கலாம் அக்கா, ரெண்டும் உங்களுக்கே."

அந்த மாமிக்குக் கொழுப்பைப் பார். தங்கமான வீட்டை உதறிவிட்டுப் போயிருக்கிறாள். போகட்டும், எனக்கு நல்லதாகப் போயிற்று.

ஆடி 30, வெள்ளி

வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. ரசம் வைத்தேன். பெரியவர் சாப்பிட்டாரோ என்னமோ.

ஆவணி 5, வியாழன்

வீட்டுக்கு வந்ததும் அவசரமாக எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

காலையில் தலைக்குக் குளித்து, புதுச் சேலை கட்டி, உனக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வளர்மதியின் வண்டியில் ஏறினேன். என்னை அறிமுகம் செய்துவைக்கத்தான் ஏலக்காய் இன்றைக்குக் காலையிலேயே வந்திருக்கிறாளாம். வழியை வளர்மதிக்குப் போனில் அனுப்பியிருந்தாள்.

"இந்தப் பக்கம் ஏங்கண்ணு போற? இது நான் போற வழி."

"போன் இப்பிடித்தானுங் காட்டுது."

ஒரே தெருவில் எத்தனையோ வீடு இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வண்டி நின்றது. வாட்ச்மேன் எழுந்து வந்தார். "வாங்கம்மா. லீவு முடிஞ்சுதுங்களா?"

வளர்மதி என்னைப் பார்த்தாள். நான் லிப்டைப் பார்த்தேன். ஒரே கட்டடத்தில் எத்தனையோ வீடு இருக்கும்.

"மூணாவது மாடிங்க அத்த," என்றாள், குரல் இறங்கிப் போய்.

கதவைத் திறந்தது ஒரு மெலிந்த பொம்பளை. நாற்பது வயது இருக்கும், கண்ணாடி, கழுத்தில் சின்னச் சிலுவை. முகமெல்லாம் சிரிப்பு. "வெந்தயம் அக்காதானே? வாங்க வாங்க!"

"யாரு வந்திருக்கா எஸ்தர்?" என்று உள்ளேயிருந்து சத்தம். வசுமதி அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். "மயிலம்மா!"

எஸ்தர் என்னைப் பார்த்தாள். அந்தம்மாவைப் பார்த்தாள். திரும்ப என்னைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றுபோனது. நான் எழுதினதெல்லாம் ஒவ்வொன்றாக அவள் கண்ணில் ஓடியது முருகா. கல்மனசு. ஒளித்து வைக்கிறாள். நிழல்கூட ஆகாது. நான் நிலையைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த வீட்டில் மட்டுமில்லை, அந்தத் தெருவில் நான் தலைகாட்ட முடியாது.

"எஸ்தர், உனக்கு மயிலம்மாவைத் தெரியுமா?"

"பஸ்ல பழக்கம் மேடம்," என்றாள் எஸ்தர். "வேற வேலை பாக்கறேன்னு சொன்னாங்க. இவங்கதான் நம்ம வீட்டு மயிலம்மான்னு எனக்குத் தெரியாது. ஆசாரமானவங்கன்னதும் நான்தான் யாரோ மாமின்னு நெனச்சிட்டேன்... வாங்கக்கா, தண்ணி..." சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு, என் கையைப் பிடித்து அடுக்களைக்குள் கூட்டிப் போனாள். காதோடு சொன்னாள்: "பெட்டில போட்டது பெட்டிக்குள்ளயே இருக்கும்கா. நீங்க பயப்படாதீங்க."

அவள் கை சில்லென்று இருந்தது. அவளுக்கும் பயம்தான் போல.

அந்தம்மா நாற்காலியை இழுத்துப் போட்டாள். உடனே, "இல்ல, பாய் விரிக்கட்டுங்களா? உங்களுக்கு எது ஆகும்னு தெரியல" என்றாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "காபி வேணுமான்னு கேக்கக்கூட எனக்குப் பயம் மயிலம்மா. எங்க வீட்ல நீங்க கை நனைக்க மாட்டீங்க. தெரியும்."

"யாருங்க சொன்னா?"

"நீங்கதாங்க. வந்த அன்னிக்கே. பச்சத்தண்ணிகூடக் கேக்காதீங்கன்னீங்க. நீங்க சாப்பிடற பக்கம் வந்தாக்கூட ஏதாச்சும் தீட்டாயிருமோன்னு நான் ஓடிப் போயிருவேன். முட்டை கண்ணுல படக் கூடாதுன்னு அவர்கிட்ட எத்தனை நாள் சண்டை போட்டிருக்கேன், கேட்டுப் பாருங்க."

"நான் எப்பங்க அப்பிடிச் சொன்னேன்?" என்றேன். சத்தமாகவே சொன்னேன். வளர்மதி என் முதுகில் கை வைத்தாள்.

எஸ்தர் அந்த மஞ்சள் கப்பைக் கழற்றிக் கழுவி, காபியை ஊற்றி நீட்டினாள். "என்னோடது. சனிக்கிழமை நான் ஊருக்குப் போயிருவேன். இனிமே உங்களுக்குத்தான். குடிங்கக்கா."

நுரை தளும்பிக்கொண்டிருந்தது. எத்தனை நாள் அந்தக் கப்புக்காக வயிறெரிந்தேன், அதை அவளே கையில் கொடுக்கிறாள். வாங்கியிருக்கலாம்.

"இன்னிக்கு வேண்டாமுங்க. விரதம்," என்றேன்.

இன்றைக்கு ஒரு விரதமும் இல்லை. உனக்குத் தெரியும்.

அந்தம்மா 'நான்தான் சொன்னேனே' என்கிற மாதிரி எஸ்தரைப் பார்த்தாள். உள்ளேயிருந்து பெரியவர், "மயிலு வந்துருச்சா?" என்றார். "நாளைக்குக் காலைல வர்றனுங்" என்று அவருக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். வளர்மதி வண்டியில் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "அத்த, அந்தக்காவுக்கு ஒரு இதயமாவது போடுங்க" என்றாள்.

போட்டேன்.

ஆனால் முருகா, சத்தியமாகச் சொல்கிறேன், நான் அப்படிச் சொல்லவில்லை. ஒரு வீட்டில் சேருகிற அன்றைக்கே தண்ணீர்கூடக் கேட்காதே என்று எந்தப் பைத்தியக்காரி சொல்வாள்? எழுத உட்கார்ந்ததிலிருந்து இதையேதான் யோசிக்கிறேன்.

அவர் இப்போதுதான் குளித்துவிட்டு வந்து, "புது ஊடு எப்பிடி?" என்றார்.

"பழைய ஊடுதானுங்க."

"அப்ப நல்லது," என்று சொல்லி, தழும்பு அரிக்கிறது, எண்ணெய் தடவிவிடு என்று சட்டையைத் தூக்கிக் காட்டினார். பேனாவை வைத்துவிட்டுத் தடவினேன். நீளத் தழும்பு. ஆபரேஷன் முடிந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தார் அப்போது. இவர் எழுந்து நடக்கட்டும், ஒரு மண்டலம் பிறத்தியார் வீட்டில் பச்சைத்தண்ணீர் தொட மாட்டேன் என்று உன்னிடம் வேண்டிக்கொண்டேன். அந்த மண்டலத்துக்கு நடுவில்தான் வசுமதி அம்மா வீட்டில் சேர்ந்தேன்.

விரதம் முடிந்த அன்று பால்குடம் எடுத்து வந்து உன்னிடம் சொல்லிவிட்டு, அங்கிருந்தே நேராக வேலைக்குப் போனேன். அவர்களிடம் சொல்லவே இல்லை.